வயசாயிட்டுல்லா

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். தென்காசிக்கு இந்த வருடம் சீசன் ஒழுங்காகத் தொடங்கிவிட்டது.

காபி 6.10. வர வேண்டிய நேரம் 5.45. பால் காய நேரமாகிவிட்டது என்கிறாள் உலகம்மாள். "பால் லேட்டாக் காயாதுட்டி, ஆளு லேட்டா எந்திரிச்சாத்தான் காபி லேட்டாகும்" என்றேன். சிரித்தாள். முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதி எழுதியே கை தேய்ந்தது. ஓய்வு பெற்றுப் பதினேழு வருடமாகியும் நேரம் தவறினால் மனசு ஒப்பவில்லை.

மிக்சி ஜார் பிளேடு மாற்றி வந்தேன். ரேஷன் கடையில் பச்சரிசி போடவில்லை.

ஜூன் 14, சனி

காபி 6.25.

உலகம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். துணி காயப் போடப் போனவள். ஐந்தாவது படியில் ஈரத்துணி வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். மொத்தம் பத்தொன்பது படி.

"என்னட்டி?"

"மூச்சு வாங்குது. இப்பம் போயிருவேன்."

"வயசாயிட்டுல்லா. எழுவதாச்சு. இன்னும் குமரின்னு நெனப்பா உனக்கு?"

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு சபுரா பீவி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்து வாளியை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போகிறபோது என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்தப் பெண்பிள்ளைக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பார்வை.

ஜூன் 22, ஞாயிறு

அரிசி புடைக்கும்போது உலகம்மாள் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். கேட்டால், தின்ன வேண்டும்போல் இருக்கிறதாம். பிள்ளைத்தாய்ச்சி மாதிரி என்ன இது என்று சத்தம் போட்டேன். கையைத் தட்டிவிட்டு எழுந்துபோனாள்.

சபுராவிடம் கொடுத்திருந்த ரவிக்கைகள் வந்தன. ஆறையும் இரண்டு பக்கமும் ஒன்றரை இன்ச் பிடித்திருக்கிறாள். எல்லாம் நல்ல ரவிக்கை, போன பொங்கலுக்குத் தைத்தது. துணியைப் பாழாக்கியாயிற்று.

ஜூலை 5, சனி

காபி 6.50.

ஜூலை 9, புதன்

டாக்டர் பொன்னுத்துரையிடம் உலகம்மாளைக் கூட்டிப்போனேன். போன கார்த்திகையில் ஒரு தடவை வந்தது, இது இரண்டாவது. டோக்கன் 14. உள்ளே போனது 11.20, வெளியே வந்தது 11.24.

"என்ன செய்யுது?"

"மூச்சு முட்டுதுய்யா. தலை கிறுகிறுங்கு. நடக்க முடியல."

"வயசு?"

"எழுவது" என்று நான் சொன்னேன்.

டாக்டர் சிரித்தார். "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாததா? வண்டி பழசாயிட்டா சத்தம் குடுக்கத்தான் செய்யும். சத்து ஊசி ஒண்ணு போடுதேன். டானிக் குடிக்கட்டும்."

உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. உலகம்மாள் எழுந்திருக்கவில்லை. "ஐயா, இன்னொண்ணு..." என்று ஆரம்பித்தாள். அதற்குள் அவர் மணியை அடித்துவிட்டார். அடுத்த டோக்கன் ஆள் உள்ளே வந்தாயிற்று. நானும் எழுந்துவிட்டேன்.

வெளியே வந்து என்ன சொல்ல வந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, ஆம்பளையளு வந்துட்டாவ. எப்படிச் சொல்ல?" என்றாள். பிறகு நானும் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. குற்றாலத்தில் தர்ப்பணம் முடித்து 10.15-க்கு வீடு வந்தேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருடத்தில் அமாவாசைக்குச் சமையல் இல்லாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. உலகம்மாள் கட்டிலில் கிடந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, கொலுசு சதையில் பதிந்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ சொல்லிவிட்டேன். எழுந்து வந்து சாதமும் ஒரு கறியும் வைத்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து வைத்தாள். பாயசம் இல்லை.

ஓசூரிலிருந்து மகள் செண்பகவல்லி போன். அம்மாவின் சோம்பலைச் சொன்னேன். "அம்மாவுக்கு வயசாயிட்டுல்லாப்பா. ஒரு ஆள் வச்சுக்கோங்களேன்" என்றாள். இரண்டு பேருக்கு எதற்கு ஆள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை 7.05-க்குச் சமையற்கட்டில் விழுந்தாள். பால் பாத்திரம் மேலே கவிழ்ந்தது. நல்லவேளையாகச் சூடேறவில்லை. சபுராதான் ஓடிவந்து ஆட்டோ பிடித்தாள். தென்காசி ஆஸ்பத்திரியில், இங்கே முடியாது, திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள். சபுராவும் கூடவே ஏறிக்கொண்டாள்.

அங்கே ஒரு சின்னப் பெண், டாக்டர். உலகம்மாளின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தை அமுக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா இப்படி வெளுத்திருக்காங்க?"

"அவ பிறந்ததுல இருந்தே செவப்புத்தான்."

"செவப்பு இல்லங்க, வெளுப்பு. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதா?"

ரத்தம் எடுத்தார்கள். பன்னிரண்டு இருக்க வேண்டியது நான்கு இருக்கிறது. "நாலு பாயின்ட வச்சுக்கிட்டு வீட்டு வேலை எப்படிப் பாத்தாங்க?" என்று கேட்டாள்.

கொஞ்சம் மெதுவாகத்தான் பார்த்தாள் என்றேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உலகம்மாள் முகத்தில் நிறம் வந்துவிட்டது. எத்தனையோ நாளாக நான் பார்க்காத முகம். எழுந்து உட்கார்ந்து தலையை அவளே பின்னிக்கொண்டாள்.

"எனக்குப் பசிக்கி" என்றாள். "கடைப் புரோட்டா வாங்கிட்டு வாங்க. சால்னா தனியாக் கட்டச் சொல்லுங்க."

அவள் வாயிலிருந்து இப்படி ஒன்று கேட்டதில்லை. வாங்கிவந்தேன். பாதியைத் தின்றாள். மீதியை எனக்குத் தந்தாள். "வெறும் ரத்தம்தான் இல்லாம இருந்திருக்கு பாத்தேளா. நான் என்னமோ சாவப்போறேன்னு நெனச்சிட்டேன்" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குடலில் கட்டி. குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேனும் எடுத்தார்கள். அதிலிருந்துதான் இத்தனை நாளும் சொட்டுச் சொட்டாக ரத்தம் போயிருக்கிறது. இப்போது ஈரலுக்கும் போய்விட்டதாம். இனிமேல் வெட்டி எடுத்துப் பிரயோசனம் இல்லையாம்.

அந்தப் பெண் டாக்டர் உலகம்மாளிடம் கேட்டாள். "வெளிக்குப் போகும்போது ரத்தம் பாத்திருக்கீங்களாம்மா?"

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவும் முறை. ஆறு படம்.

"எப்பவாச்சும்" என்றாள்.

"எப்பவாச்சுமா?" என்று சபுரா வாயைத் திறந்தாள். உலகம்மாள் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். ஏன் அமுக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

"மெதுவா வளர்ற கட்டி இது. ஒன்றரை வருஷம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா எடுத்திருக்கலாம்" என்றாள் டாக்டர்.

"இந்த வயசுல ஆபரேசன் தாங்குமாம்மா?" என்றேன்.

"எழுபதெல்லாம் ஒரு வயசா? போன வாரம் எண்பத்திரண்டு வயசுல ஒருத்தர் செஞ்சுக்கிட்டு நடந்து போயிருக்கார். நோயை உள்ள வச்சுக்கிட்டு வயசு வயசுன்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்கீங்க."

பேசத் தெரியாத பெண். படித்துவிட்டால் போதுமா?

ஆகஸ்ட் 30, சனி

வீட்டுக்கு வந்து ஐந்து நாள். வலிக்கு மாத்திரை மட்டும் கொடுத்திருக்கிறார்கள்.

இன்று துணி துவைத்து மாடிக்குக் கொண்டுபோனேன். எட்டாவது படியில் நின்றுவிட்டேன். ஈரத்துணி இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு ரத்தம் பதின்மூன்று இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என்னையும் பார்த்தார்கள்.

செப்டம்பர் 3, புதன்

கஞ்சி அடிபிடித்துவிட்டது. அப்படியே குடித்தாள்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டேன். அமுக்கிய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கிறது.

"வயசாயிச் சாவுததுன்னா வலிக்காதுன்னு நெனச்சேன்" என்றாள். "எங்க பெரியம்ம, அத்த எல்லாரையும் அப்படித்தான சொன்னாவ. வயசாயிட்டு, போயிட்டாவன்னு. அவுகளுக்கும் உள்ள இப்படித்தான் வலிச்சிருக்கும் போல. யாரும் கேக்கல."

"பேசாமப் படு."

"நீங்க அன்னிக்கிச் சொன்னத நான் நம்பிட்டேன். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. எந்த பஸ் எப்ப வரும்னு நீங்க சொன்னது ஒருநாளும் தப்புனதில்லல்லா."

என்றைக்கு என்று கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செப்டம்பர் 25, வியாழன்

செண்பகவல்லி பதினைந்து நாள் லீவு போட்டு வந்திருக்கிறாள். வந்ததும் அம்மாவைப் பார்த்துவிட்டுப் பின்கட்டில் போய் நின்று அழுதாள். பிறகு வீடு முழுக்கக் கழுவினாள். அலமாரியில் டானிக் பாட்டில் மூன்று இருந்தன, உடைக்காமல். எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"ஏம்ப்பா முன்னாடியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல?"

"டாக்டர்ட்டதான கூட்டிட்டுப் போனேன்? அவரு வயசுன்னாரு."

"அவரு சொன்னா? தினம் கூடவே இருக்கது நீங்கதான? இளைச்சுப்போனது கண்ணுக்குத் தெரியல?"

"நீயுந்தான் போன்ல வயசுன்னு சொன்ன."

சமையற்கட்டுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். தண்ணீர் சத்தம் வெகுநேரம் கேட்டது. அதை நான் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 2, வியாழன்

வயிற்றில் நீர் கட்டிவிட்டது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் நிறைமாதம் போல. வாயெல்லாம் புண். இளநீர் பட்டாலும் எரிகிறது. ஒரு பக்கமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, மறுபக்கம் திருப்பினால் கத்துகிறாள். இடுப்பில் தோல் உரிந்துவிட்டது. காலையில் மகளும் சபுராவும் அவளைத் தூக்கிப் பிடிக்க, நான் விரிப்பை மாற்றினேன். "கூச்சமா இருக்கு, நீங்க வெளிய போங்க" என்றாள். நாற்பத்தெட்டு வருடம் கழித்து.

எதிர் வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி விசாரித்தார். "வயசு அண்ணாச்சி, நம்ம கையில என்ன இருக்கு?" என்றார். உள்ளே வந்துவிட்டேன்.

வயசால் எதுவும் நிற்பதில்லை. டெப்போவில் இருபது வருட வண்டி நின்றுபோனால் வயசாகிவிட்டது என்று எந்த மெக்கானிக்கும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. கியர் பாக்ஸ் என்று எழுதுவான், ரேடியேட்டர் என்று எழுதுவான், கீழே படுத்து உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதுவான். தகர வண்டிக்கு அவ்வளவு மரியாதை. இவளுக்கு யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வயசு என்று சொல்லிவிட்டால் யாரும் எழுந்து போக வேண்டியதில்லை, பேப்பரைக் கீழே வைக்க வேண்டியதில்லை.

அக்டோபர் 8, புதன்

உலகம்மாள். காலை 10.35.

அக்டோபர் 10, வெள்ளி

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசுகிறார்கள். பூவும் பொட்டுமாப் போயிட்டாவ. பேரன் பேத்தி எடுத்தாச்சு. வயசாயிட்டு, நல்ல சாவு, கஷ்டப்படாமப் போயிட்டாவ. காபியைக் குடித்துவிட்டுச் சொல்கிறார்கள், குடிப்பதற்கு முன்னாலும் சொல்கிறார்கள்.

பதினொன்றரை வரைக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா மகன் வேலாண்டி, "கொடுத்து வச்ச மகராசி, வலி நோவுன்னு ஒருநாள் படுத்திருப்பாளா?" என்றான்.

"வலிக்கலன்னு உனக்கு யாருல சொன்னது?" என்று எழுந்துவிட்டேன். "நீ பாத்தியா? ஒருநாள் வந்து எட்டிப் பாத்தியால? வாய்ப்புண்ணுல எச்சி முழுங்க முடியாமக் கிடந்தா. நல்ல சாவாம்ல, நல்ல சாவு!"

செண்பகவல்லியின் மாப்பிள்ளை என்னைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். பாவம், அண்ணாச்சிக்குத் துக்கம் தாங்கவில்லை என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

அக்டோபர் 24, வெள்ளி

நேற்று காரியம் முடிந்தது. மகள் ஓசூருக்குக் கூப்பிட்டாள். வரவில்லை என்றேன். வற்புறுத்தவில்லை.

நவம்பர் 6, வியாழன்

உலகம்மாள் போன அன்று டாக்டர் பொன்னுத்துரை வீட்டுக்கு வந்து பார்த்து ஒரு படிவம் எழுதிக் கொடுத்திருந்தார். நகராட்சியில் பதிவு செய்ய அதைத்தான் கொடுக்க வேண்டும். அன்று சட்டைப்பையில் வைத்தவன் நேற்றுத்தான் பிரித்துப் படித்தேன். இறப்புக்கான காரணம்: முதுமை.

இன்று திருநெல்வேலிக் காகிதங்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு போனேன். டோக்கன் 9.

"இத மாத்தி எழுதுங்க டாக்டர்."

வாங்கிப் பார்த்தார். "இதுல என்ன அண்ணாச்சி தப்பு? எழுவது வயசு. வீட்டுல வச்சு இறந்திருக்காங்க. எல்லாருக்கும் இப்படித்தான் போடுதது. உங்களுக்கும் சுளுவு, நகராட்சிக்காரனுக்கும் சுளுவு."

"வயசால அவ சாகல. குடல்ல கட்டி. ஸ்கேன் இருக்கு, எல்லாம் இருக்கு. பாருங்க."

"செத்தவங்க திரும்பி வரவா போறாங்க? விடுங்க."

"எழுதுங்க டாக்டர்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கம்பவுண்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். டாக்டர் அவனைப் போகச் சொல்லிவிட்டு ஸ்கேன் காகிதத்தை முதல் தடவையாக முழுதும் படித்தார். மேசை டிராயரிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். பெருங்குடல் புற்றுநோய் என்று எழுதினார். ஈரலுக்குப் பரவியது என்று எழுதினார். ரத்தசோகை என்று எழுதினார். அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. நோய் தொடங்கியதற்கும் இறப்புக்கும் இடையே எவ்வளவு காலம் என்று.

"எப்பத்துல இருந்து தொந்தரவு இருந்துச்சு? தோராயமாச் சொல்லுங்க."

"போன வருசம் பிப்ரவரி பதினொண்ணு."

பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "தேதியே ஞாபகமிருக்கா?"

"போன வருச டைரியில இருக்கு. எழுதி வச்சிருக்கேன்."

"என்னன்னு?"

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து நான் மட்டும் வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அந்த டைரியைத்தான் எடுத்துப் பார்த்தேன். இங்கே அதை எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் எனக்கு இப்போது மனப்பாடம். அவரிடம் சொன்னேன்.

"உலகம்மாளுக்கு வெளிக்குப் போகையில் ரத்தம் போகிறதாம். அழுகிறாள். வயசானால் வருவதுதான், எல்லாருக்கும் வரும் என்றேன். சமாதானமானாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய் வந்தோம். நல்ல கூட்டம்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்கிட்ட ரத்தத்தப் பத்திச் சொல்லவே இல்லையே அண்ணாச்சி."

"ரெண்டு தடவை வந்தா. ரெண்டாவது தடவை சொல்ல வந்தா. நீங்க மணி அடிச்சீங்க, நான் எந்திரிச்சேன்."

வெளியே பத்தாவது டோக்கனைக் கூப்பிட்டு மறுபடி நிறுத்திவிட்டார்கள். பிறகு டாக்டர் சின்னக் குரலில், "இத எழுதுனா நாளைக்கு யாராவது படிச்சுட்டு உங்களத்தான் கேப்பாங்க. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"கேக்கட்டும்."

ஒரு வருடம் எட்டு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரை சரியாக விழவில்லை. இரண்டாவது தடவை அழுத்திக் குத்தினார்.

நவம்பர் 8, சனி

நேற்று படிவத்தை நகராட்சியில் கொடுத்தாயிற்று. கொடுக்கும் முன்னால் சபுராவின் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பச் சொன்னேன். இன்று 9.40-க்கு அவளிடமிருந்து போன்.

"அப்பா, ஒரு வருசம் எட்டு மாசம்னு போட்டிருக்கே. யாரு சொன்னது?"

"நான்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அம்மா எங்கிட்டச் சொன்னா. அன்னிக்கே."

அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று கேட்டது. இரண்டாவதும் கேட்டது. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நவம்பர் 23, ஞாயிறு

இரண்டு வாரமாக மகளிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

சபுரா குழம்பு கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"செண்பகம் எனக்குப் போன் பண்ணிச்சு அண்ணாச்சி. ஒங்களுக்கும் தெரியுமா மாமின்னு கேட்டு ஒரே அழுக. எதுக்கு அவகிட்டச் சொன்னீய? யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

"உனக்குத் தெரியும்லா?"

"தெரியும். அக்கா எங்கிட்டயும் அப்பமே சொன்னா. அவுக வயசுதான்னு சொல்லிட்டாகன்னு சொன்னா. நானும் விட்டுட்டேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில என் கையப் பிடிச்சு அமுக்குனால்லா, அன்னிக்கிச் சாயங்காலம் நீங்க டீ வாங்கப் போனீய. அப்பம் சொன்னா. செண்பகத்துக்கு இது தெரியக் கூடாது சபுரா, தெரிஞ்சா அப்பன் மூஞ்சில முழிக்க மாட்டா, நான் போன பொறவு அந்த மனுசனுக்கு அவள விட்டா யாரு இருக்கான்னு. எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிட்டா."

சபுரா போய் வெகுநேரம் கழித்துக் குழம்புப் பாத்திரத்தை உள்ளே எடுத்து வைத்தேன்.

வலியோடு வலியாக அவள் எனக்காக மூடி வைத்துவிட்டுப் போன ஒன்று. நானே டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முத்திரை குத்தி வாங்கி மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.